எட்டுக்கு முன்னால் ஒரு சைபர்

நர்ஸ் பிரிசில்லாவின் விரல் முதலில் சைபரில் விழுந்தது, அப்புறம்தான் எட்டில் விழுந்தது. பூங்கொடி அதைப் பார்த்துத் தொலைத்தாள். பார்க்காமலே இருந்திருக்கலாம். கட்டிலோரத்து ஸ்டூலில் உட்கார்ந்து புருஷன் கிட்டுசாமியின் காலைப் பிடித்துவிட்டபடி, சாயங்காலம் பையனை டியூஷனுக்கு யார் கூட்டிப்போவது, பேக்கரியில் பன்னுக்கு மாவு பிசைய ஆள் வந்தானா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கலாம். நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்து தைத்த மனுஷன், வாயில் குழாயோடு அரை மயக்கத்தில் கிடக்கிறார். ரத்த அழுத்தம் தானாக நிற்கவில்லை, ஒரு மருந்துதான் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த மருந்து பெரிய சிரிஞ்சில் இருக்கிறது, சிரிஞ்ச் ஒரு சின்ன பம்ப்பில் இருக்கிறது, பம்ப்புக்குள் ஒரு மோட்டார் சிரிஞ்சை மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்கும், மணிக்கு இத்தனை மில்லி என்று நர்ஸ் அடித்துவிட்டால் போதும். காலையில் ஐந்து. அப்புறம் ஆறு. பத்து மணி வாக்கில் ஏழு. இப்போது டாக்டர் வந்து மானிட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, "எட்டாக்கிடுங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். காலையில் முதன்முதலாக அந்தப் பம்ப்பைப் பார்த்தபோது பூங்கொடிக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அது அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் செய்த பம்ப். அதன் பித்தான்களில் விரல் பட்டால் உள்ளே என்ன நடக்க வேண்டும் என்று எழுதிய நாலு பேரில் அவளும் ஒருத்தி. கிட்டுசாமியின் காதோரம் குனிந்து, "மாமா, இது எங்க பம்ப்புங்க" என்று சொல்லிக்கூடக் கொண்டாள். பாவி, சும்மா இருந்திருக்கக் கூடாதா, தன் வாயாலேயே கண் வைத்துவிட்டாளோ என்று இப்போது தோன்றுகிறது.

"சிஸ்டர், முன்னால எதுக்குங்க சைபர்?" என்று கேட்டபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பிரிசில்லா மார்த்தாண்டம் பக்கத்துப் பெண், எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே பதில் சொல்லும். "எங்க மேட்ரன் சட்டம் அக்கா. ஒரு தடவை யாரோ எட்டுக்கு முன்னால ஒரு கோடு விழுந்திருந்ததைப் பதினெட்டுன்னு வாசிச்சுட்டாங்க. அன்னையில இருந்து ரெண்டு இடமும் நிரப்பித்தான் எழுதணும், நிரப்பித்தான் அடிக்கணும். இல்லைன்னா மேட்ரன் கிட்ட மண்டகப்படி கிடைக்கும்." சிரித்துக்கொண்டே போய்விட்டது பெண். நல்ல சட்டம்தான், யார் குறை சொல்ல முடியும், உயிரைக் காப்பாற்றப் போட்ட சட்டம். காலையிலும் அப்படித்தான் அடித்திருப்பார்கள், சைபர் ஐந்து, சைபர் ஆறு, சைபர் ஏழு. அப்போதெல்லாம் கண்ணில் படவில்லை. பட்டிருந்தாலும் ஒன்றும் இல்லை, ஏழு வரைக்கும் ஒன்றும் இல்லை, ஏழு வரைக்கும் எல்லாமே சரியாகத்தான் ஓடும், எட்டில்தானே. ஐயோ, எட்டில்தானே! பம்ப்பின் சின்னத் திரையில் 08 என்று பச்சையாக எரிகிறது. எரியத்தான் செய்யும். திரை என்ன செய்யும், நர்ஸ் அடித்ததை அப்படியே திருப்பிக் காட்டும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். "அடிச்சதையே காட்டு பூங்கொடி, போதும், எதுக்கு அதுக்கு வேற தனியா மெனக்கெடணும்" என்று மேனேஜர் சம்பந்தம் சொன்னது இப்போது காதுக்குள் கேட்கிறது. திரையில் இருப்பது எழுத்து. மோட்டாருக்குப் போவது எண். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அந்த இடத்தை எழுதியவள் இதோ காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

கல்யாணமான புதிதில் கிட்டுசாமி கேட்டிருக்கிறார், அப்படி என்னதான் புள்ள நீ அங்க உக்கார்ந்து எழுதறே என்று. அவள் மாவு படிந்த பலகையில் விரலால் எட்டு என்று எழுதிக் காட்டினாள். "இது உங்களுக்கு எட்டு. கம்ப்யூட்டருக்கு இது ஒரு படம், பூனைப் படம் மாதிரி ஒரு படம். இதை எட்டுன்னு நாமதான் சொல்லித் தரோணும். இதுக்குப் பக்கத்துல இன்னொரு படம் வந்தா, முன்னால இருந்ததைப் பத்தால பெருக்கி இதைக் கூட்டிக்கோன்னு சொல்லித் தரோணும்." அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எட்டுன்னு எழுதிப் போட்டதைப் பாத்து எட்டுன்னு தெரியாதா அதுக்கு? இதுக்கா உனக்கு மாசாமாசம் சம்பளம் கொடுக்கறாங்க? நானெல்லாம் ட்ரேயைப் பாத்தாலே எத்தனை பன்னுன்னு சொல்லிருவேன்." கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பார், என்ற ஊட்டுக்காரி கம்ப்யூட்டருக்கு ஒண்ணாப்பு வாத்தியாருங்க என்று. அந்த வாய் இப்போது குழாயைக் கவ்விக்கொண்டு கிடக்கிறது. பத்தால் பெருக்கு என்று சொல்லித் தர வேண்டும். பத்து என்று சொல்ல வேண்டும். சொன்னேனா? சி என்கிற கம்ப்யூட்டர் மொழியில் அதற்கென்று ஒரு கருவி தயாராக இருக்கிறது, அதனிடம் மூன்று விஷயம் கொடுக்க வேண்டும், எதைப் படிப்பது, எங்கே நிறுத்தினாய் என்று எங்கே குறித்துவைப்பது, எந்தக் கணக்கில் படிப்பது. மூன்றாவது இடத்தில் பத்து என்று கொடுத்தால் நம்மைப் போலப் பத்து விரல் கணக்கு. அங்கே சைபர் என்று கொடுத்தால், நீயே பார்த்து முடிவு செய்துகொள் என்று அர்த்தம். அது பார்க்கும். ஒரு எண் சைபரில் ஆரம்பித்தால், ஓ இது பழைய எட்டு விரல் கணக்கு என்று எடுத்துக்கொள்ளும். கட்டை விரலை மடக்கிவைத்துக்கொண்டு எண்ணுகிறவர்களின் கணக்கு அது. சைபர் முதல் ஏழு வரைதான் அதில் எண்கள். எட்டு என்று ஒரு எண்ணே அங்கே கிடையாது, ஒன்பதும் கிடையாது. சைபரைப் படிக்கும், அடுத்து எட்டைப் பார்க்கும், இது யார் என்று தெரியாமல் நின்றுவிடும். நின்று, இதுவரைக்கும் படித்தது எவ்வளவோ அதைக் கொடுத்துவிடும். இதுவரைக்கும் படித்தது சைபர்.

சைபர் என்றால் மோட்டாருக்கு என்ன? சும்மா இரு. அதுவும் இவர்கள் எழுதியதுதான். நர்ஸ் வேண்டுமென்றே சைபர் அடித்து நிறுத்திவைத்தால் பம்ப் கத்திக்கொண்டே இருக்கிறது, நோயாளி தூங்க முடியவில்லை என்று எங்கிருந்தோ புகார் வந்தது. சரி, சைபர் என்றால் சத்தம் போடாதே, விளக்கு பாட்டுக்கு எரியட்டும் என்று மாற்றிவிட்டார்கள். ஆக, நிறுத்து என்று சொன்னாலும் சைபர், நீ சொன்னது எனக்குப் புரியவில்லை என்றாலும் சைபர். புரியவில்லை என்று வாயைத் திறந்து சொல்லத் தெரியாத ஜென்மம் அது, புரியாவிட்டால் பச்சை விளக்கை எரியவிட்டுக்கொண்டு கம்மென்று உட்கார்ந்திருக்கும். இல்லை, இரு, பதறாதே, நீ பத்து என்றுதான் கொடுத்திருப்பாய். யாராவது அங்கே பத்து கொடுக்காமல் இருப்பார்களா, காலேஜில் இரண்டாம் வருஷத்திலேயே தெரிந்த விஷயம். பத்து என்று எழுதினது கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, ஒன்று, சைபர், அடைப்பு, அரைப்புள்ளி. ஆனால் அந்த ஒன்று நிஜமாகவே அங்கே நிற்கிறதா, இல்லை இப்போது பயத்தில் இவளே கொண்டுபோய் நிறுத்துகிறாளா? மானிட்டரில் நூற்று நான்கு என்று இருந்த பிரஷர் நூற்று ஒன்று ஆகியிருக்கிறது. அது ஏறி இறங்கத்தான் செய்யும், காலையிலிருந்து ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது, மருந்தை ஏற்றிய உடனே எங்கே கேட்கும்.

அன்றைக்கு என்ன நடந்தது? முதலில் பத்து என்றுதான் எழுதினாள், அதில் சந்தேகமே இல்லை, சத்தியமாகப் பத்து. அப்புறம் ஒரு நாள் சம்பந்தம் வந்து, சர்வீஸ்காரர்கள் லேப்டாப்பிலிருந்து பம்ப்புக்கு அனுப்பும் எண்களும் இதே வழியாகத்தான் வரும், அவை வேறு கணக்கில் இருக்கும், அதையும் படிக்கிற மாதிரி செய்துவிடு என்றார். என்றைக்கு? பையனுக்கு அம்மை போட்டிருந்த வாரம். வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது, பையன் உடம்பெல்லாம் கொப்புளம், அம்மா போகாதே என்று அனத்தினான், கிட்டுசாமிதான் கடையைப் பூட்டிவிட்டு அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டு, நீ போய்ட்டு வா புள்ள, நான் பாத்துக்கறேன் என்றார். இவள் ஆபீசில் உட்கார்ந்தாளே தவிர புத்தியெல்லாம் வீட்டில். எந்தக் கணக்கில் வந்தாலும் படிக்க வேண்டும் என்றால் இரண்டு வழி இருக்கிறது. சர்வீஸ்காரர்களுக்கென்று தனியாக ஒன்று எழுதலாம், அது அரை நாள் வேலை. இல்லையென்றால் பத்தில் இருக்கும் ஒன்றை அழித்துவிடலாம், அது ஒரு விரல் வேலை. தனியாக எழுதியதாக ஒரு ஞாபகம். அதற்கு ஒரு பெயர்கூட வைத்ததாக ஞாபகம். பெயர் என்ன? பெயர் வரமாட்டேன் என்கிறது. வேப்பிலை வாசனை வருகிறது, பையன் நெற்றிச் சூடு கையில் வருகிறது, கீபோர்டில் அந்த அழிக்கும் பித்தான் லேசாக ஒட்டிக்கொண்டு தட்டினால் எழும்பாமல் இருந்தது வருகிறது, பெயர் மட்டும் வரவில்லை. எழுதாத ஒன்றுக்குப் பெயர் எங்கிருந்து வரும்? பரிசோதனையில் தேறியதே! ரியாஸ்தான் சோதித்தான், ஒன்று முதல் தொண்ணூற்றொன்பது வரைக்கும் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்து, அக்கா எல்லாம் பாஸ், ஒரு காபி வாங்கித் தாங்க என்று வந்து நின்றானே. ஒன்று என்றால் ஒன்று என்று அடித்திருப்பான், எட்டு என்றால் எட்டு. எட்டுக்கு முன்னால் சைபர் போட்டு அடிக்க அவனுக்கு என்ன கிறுக்கா? யாருக்கும் தோன்றாது. பித்தான் தட்டும் வேலையை உயிருக்குப் பயந்து செய்கிற ஒரு மேட்ரனுக்குத்தான் தோன்றும்.

தொண்ணூற்றேழு. போனைப் போட்டு ரியாஸைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் பார்த்துச் சொல்லிவிடுவான், டேய் தம்பி அந்த வரியில் மூன்றாவதாக என்ன இருக்கு பாரு என்றால் போதும். போன் வாசலில் செக்யூரிட்டியின் டப்பாவில் கிடக்கிறது. வெளியே போனால் சாயங்காலம் வரை மறுபடி உள்ளே விடமாட்டார்கள், அது வேறு. பிரிசில்லாவைக் கூப்பிட்டுச் சொல்லலாம். என்னவென்று சொல்வது? சிஸ்டர், பத்து என்று எழுதினேனா சைபர் என்று எழுதினேனா மறந்துபோச்சு, அதனால் இந்தப் பம்ப்பைக் கழற்றுங்க என்றா? பம்ப்பை மாற்றினால் மாற்றும் நேரத்துக்கு மருந்து நின்றுபோகும், காலையில் சிரிஞ்ச் மாற்றியபோதே பிரஷர் எப்படி இறங்கியது, கண்ணால் பார்த்தாளே. ஒன்றுமில்லாததற்குக் கிளப்பிவிட்டு, மாற்றப்போன இடத்தில் ஏதாவது ஆகிவிட்டால்? இந்தம்மாவுக்கு மண்டை குழம்பிப்போச்சு, வெளியே உட்கார வைங்க என்பார்கள். நிஜமாக இருந்துவிட்டால்? நிஜமாக இருந்தால் இந்த ஒரு பம்ப்பா, கோயம்புத்தூரில் மட்டுமா, எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை கட்டில். இல்லை, இருக்காது. நான் அப்படிச் செய்கிற ஆளா? கடவுளே, நான் பத்து என்றுதானே எழுதினேன், நீ பாத்துட்டுத்தானே இருந்தே.

"ஏனுங்கம்மிணி, மொகம் ஒரு மாதிரி இருக்குது, சாப்புட்டீங்களா இல்லீங்களா?" அடுத்த கட்டிலின் பக்கத்திலிருந்து மயிலாத்தாள் கேட்டார். அன்னூர்ப் பக்கம். மகள் தாரணிக்குக் காலில் முள் குத்திப் புண்ணாகி, ரத்தத்தில் கிருமி ஏறி, இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். காலேஜில் படிக்கிற பெண், ஜடையை யாரோ பிரித்து உச்சியில் கட்டிவைத்திருக்கிறார்கள். வந்ததிலிருந்து மயிலாத்தாள் இவளுக்குத் துணை, தன் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றித் தந்தவர், உங்க ஊட்டுக்காரரு எந்திரிச்சு வந்து எனக்கு ஓசியில தேங்காய் பன் தரோணும் பாருங்க என்று சிரிக்க வைத்தவர். "சாப்பிட்டேனுங்க்கா" என்று பொய் சொன்னாள் பூங்கொடி. "தைரியமா இருங்க. உங்களுக்காச்சும் ஏத்துனா கேக்குது. என்ற புள்ளைக்குக் காத்தால இருந்து எத்தனை ஏத்தியும் கேக்க மாட்டேங்குதாமா. ரெண்டாவதா இன்னொரு மருந்தும் சேத்தி உட்டிருக்கறாங்க. டாக்டரு என்னமோ கையெழுத்தெல்லாம் வாங்கீட்டுப் போறாரு." மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டார். பூங்கொடி ஏதோ சொன்னாள், எல்லாம் சரியாப் போயிரும்ங்க்கா என்றோ என்னவோ. காதில் எதுவும் ஏறவில்லை. அவள் கண் சிரிஞ்சில் இருந்தது. கண்ணாடி போலத் தெரியும் குழாய்க்குள் கறுப்பு ரப்பர். அது நகர்கிறதா? ஓடுகிறபோதே கண்ணுக்குத் தெரிகிற நகர்வு அல்ல அது, ஒரு மணி நேரத்துக்கு இரண்டு விரல் தடிமன்கூட வராது. முறைத்துப் பார்த்தால் நகர்கிற மாதிரி இருக்கிறது, இமையைக் கொட்டிவிட்டுப் பார்த்தால் அங்கேயே இருக்கிறது. காதை வைத்துக் கேட்டால் மோட்டார் முனகுவது கேட்குமா? ஏசி சத்தம்தான் கேட்டது. பக்கத்தில் ஒரு கோடு போட்டுவைத்தால் தெரிந்துவிடும். பேனா பையில் இருக்கிறது, பை வாசலில் இருக்கிறது.

கை தானாக நெற்றிக்குப் போனது. ஸ்டிக்கர் பொட்டு. மெரூன் கலர், சின்னது, அவருக்குப் பெரிய பொட்டு வைத்தால்தான் பிடிக்கும், இதைப் பார்த்தால் என்ன புள்ள கொசு உக்காந்த மாதிரி என்பார். நகத்தால் நெம்பி எடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். படுத்துக்கிடக்கிற புருஷன் முன்னால் நின்றுகொண்டு பொட்டை எடுப்பதா? மாமியார் இருந்திருந்தால் கையைத் தட்டிவிட்டிருப்பார். இவளுக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, கம்பெனியில் பெண்கள் பாதிப் பேர் பொட்டே வைப்பதில்லை, இவளும் பல நாள் மறந்துபோய் வந்திருக்கிறாள். அதெல்லாம் சரி, இன்றைக்கு வேண்டாம், இங்கே வேண்டாம், இப்போது வேண்டாம், இதை எடுத்த நேரத்தில் ஏதாவது ஆகிவிட்டால் சாகிற வரைக்கும் இதையே நினைத்துக்கொண்டிருப்பாள். தொண்ணூற்று நான்கு. எடுத்தாள். நெற்றி சில்லென்று ஆனது. கறுப்பு ரப்பரின் விளிம்புக்குச் சரியாக முன்னால், ஒட்டியும் ஒட்டாமலும், குழாயின் மேல் பொட்டை ஒட்டினாள். மோட்டார் தள்ளினால் ரப்பர் பொட்டுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். தள்ளாவிட்டால் இரண்டும் இப்படியே ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். மயிலாத்தாள் இதைப் பார்த்துவிட்டார். அவர் முகத்தில் ஒரு திடுக்கிடல் வந்து போனது, ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார். மனுஷிக்கு அந்த நாகரிகம் இருந்தது.

பார்த்துக்கொண்டே இருந்தாள். இவ்வளவு உற்று அவள் பையன் பிறந்தபோது அவன் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. ரப்பரின் விளிம்பு, பொட்டின் விளிம்பு, நடுவில் நூல் இழை அளவுக்கு வெளிச்சம். அந்த இழை மூடட்டும். மூடிவிட்டால் ஆயுசுக்கும் பழனிக்கு நடக்கிறேன். மூடிவிட்டால் அந்த வேலையை விட்டுவிட்டு பேக்கரி கல்லாவில் உட்கார்ந்துவிடுகிறேன், ட்ரேயைப் பார்த்தே பன் எண்ணக் கற்றுக்கொள்கிறேன். இப்போது மூடிய மாதிரி இருக்கிறதே? இல்லை, தலையைச் சாய்த்துப் பார்த்ததால் அப்படி. நேராகப் பார்த்தால் வெளிச்சம் இருக்கிறது. கிட்டுசாமியின் விரல் நகத்தில் நீலம் ஏறியிருக்கிறதா, முன்னாலேயே அப்படித்தானா? அன்றைக்கு மாவுப் பலகையில் எழுதிய எட்டை அவர் ஊதிவிட்டார், மாவு அவள் மூக்கில் ஏறித் தும்மினாள், அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. தொண்ணூற்று ஒன்று. அழிக்கும் பித்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டினாள், எழும்பவில்லை, நகத்தால் நெம்பித் தூக்கினாள், ஒன்றை அழிக்கப்போய் சைபரும் சேர்ந்து அழிந்துவிட்டது, ச்சே என்று சைபரைத் திரும்ப அடித்தாள். அடித்தாள்! சைபரைத் திரும்ப அடித்த அந்த விரல் ஞாபகம் இருக்கிறது. ஒன்றைத் திரும்ப அடிக்கவில்லை. தனியாக எதையும் எழுதவில்லை. அரை நாள் வேலையை ஒரு விரலில் முடித்துவிட்டு, நாலு மணி பஸ்ஸைப் பிடித்து, பையனிடம் ஓடினாள். எண்பத்தெட்டு. மானிட்டர் கத்த ஆரம்பித்தது. நூல் இழை வெளிச்சம் அப்படியே இருந்தது.

"சிஸ்டர்!" அவள் போட்ட சத்தத்தில் தாரணியின் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள்கூடத் திரும்பினார்கள். பிரிசில்லா ஓடிவந்தது. "பயப்படாதீங்க அக்கா, நான் டாக்டரைக் கூப்பிடறேன், ஒன்பது ஆக்கச் சொல்லுவாரு" என்று பித்தானுக்குக் கையைக் கொண்டுபோனது. பூங்கொடி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸின் கையைப் பிடிக்கக் கூடாது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். "ஒன்பது வேண்டாம். எட்டே போடுங்க. முன்னால அந்தச் சைபரை மட்டும் எடுத்துருங்க." "அக்கா, கையை விடுங்க." "வெறும் எட்டு அடிங்க சாமி, உங்க கால்ல வேணாலும் உழுகறேன், ஒரே ஒரு தடவை." "மேட்ரன் திட்டுவாங்க அக்கா. எட்டுதானே ஓடுது, பாருங்க." "ஓடலைங்க! இந்தப் பொட்டைப் பாருங்க, நீங்க போனதுக்கு அப்புறம் வெச்சது, ரப்பரு அசையவே இல்ல." பிரிசில்லா குனிந்தது. பொட்டைப் பார்த்தது, ரப்பரைப் பார்த்தது, இவளுடைய வெறும் நெற்றியைப் பார்த்தது. பெண்ணுக்கு என்ன தோன்றியதோ, மானிட்டர் எண்பத்தைந்து காட்டுகிற நேரத்தில் வாதம் பண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம் என்று தோன்றியிருக்கலாம். அழித்தது. எட்டை அடித்தது. எட்டை மட்டும். பம்ப்புக்குள் ஏதோ நறநறவென்று முனகியது, அவ்வளவு சின்னச் சத்தம், இத்தனை நேரம் அந்தச் சத்தம் இல்லை என்பது அது வந்தபோதுதான் தெரிந்தது. இருவரும் குனிந்தபடியே இருந்தார்கள். வெளிச்ச இழை மெலிந்தது, இன்னும் மெலிந்தது, இல்லாமல் போனது. கறுப்பு விளிம்பு மெரூன் பொட்டுக்குக் கீழே நுழைந்தது. எண்பத்தேழு என்றது மானிட்டர். கொஞ்சம் பொறுத்துத் தொண்ணூறு.

பூங்கொடி ஸ்டூலில் உட்காரவில்லை, விழுந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, துடைக்கத் தோன்றவில்லை. தொண்ணூற்று மூன்று. மாமா, மாமா, தேங்காய் பன் மாமா. பிரிசில்லா சத்தமில்லாமல் கேட்டது, "உங்களுக்கு எப்படித் தெரியும் அக்கா?" வாய் வரைக்கும் வந்துவிட்டது ஒரு பதில். சும்மா, மனசுக்கு என்னமோ பட்டுச்சுங்க. அதைச் சொன்னால் போதும். அந்தப் பெண் நம்பிவிடும், பம்ப்பில் ஏதோ கோளாறு என்று ஓரமாக எடுத்துவைப்பார்கள். நாளைக்கு ஆபீஸ் போய் யாருக்கும் தெரியாமல் அந்த ஒன்றைத் திரும்ப அடித்துவிடலாம், ஒரு விரல் வேலை. அவர் பிழைத்துவிட்டார், வேறு என்ன வேண்டும், ஒரு உயிருக்கும் சேதம் இல்லை. முகத்தைத் துடைக்க முந்தானையை எடுத்தவள் எதேச்சையாக அடுத்த கட்டிலைப் பார்த்தாள். தாரணியின் தலைமாட்டில் இரண்டு பம்ப். ஒன்று வேறு யாரோ செய்தது, பெரியது. இன்னொன்று இதே சின்னப் பம்ப், இதே பச்சைத் திரை. அதில் 09 என்று எரிந்துகொண்டிருந்தது. காத்தால இருந்து எத்தனை ஏத்தியும் கேக்க மாட்டேங்குதாமா.

அதற்கப்புறம் நடந்ததை அவள் வரிசையாகச் சொல்லச் சொன்னால் சொல்லத் தெரியாது. பிரிசில்லாவைத் தோளைப் பிடித்து அந்தப் பக்கம் தள்ளினாள். அந்தச் சைபர், சிஸ்டர், அந்தச் சைபரையும் என்று கத்தினாள். டாக்டர் வந்தார், யாரோ அவளைப் பிடித்து இழுத்தார்கள், பிரிசில்லா டாக்டரிடம் பொட்டைக் காட்டி வேகவேகமாக ஏதோ சொன்னது. டாக்டரே அழித்து ஒன்பதை அடித்தார். பூங்கொடி தன் பொட்டைப் பிய்த்துக்கொண்டு போய் தாரணியின் சிரிஞ்சில், ரப்பரின் விளிம்புக்கு முன்னால் ஒட்டினாள். பொட்டு கோணலாக ஒட்டியது. எல்லோரும் அதையே பார்த்தார்கள். ரப்பர் பொட்டுக்கு அடியில் போனது. ரொம்ப நேரம் கழித்து, இல்லை, ரொம்ப நேரம் போல இருந்தது, தாரணியின் மானிட்டரில் ஒரு எண் ஏறியது. டாக்டர் பம்ப்பைத் திருப்பி, அதன் பின்னால் இருந்த கம்பெனிப் பெயரைப் படித்தார்.

மயிலாத்தாள் அவள் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் கை முழுக்க விபூதி வாசனை. "எந்தச் சாமி உங்களைக் கொண்டாந்து என்ற பக்கத்துல உக்கார வெச்சுதோ தெரியலீங்க. நீங்க உங்க ஊட்டுக்காரரோட நூறு வருசம் நல்லா இருக்கோணும். என்ற புள்ளை உசுரக் காப்பாத்திக் குடுத்துட்டீங்க." அழுகையில் அவர் உடம்பு குலுங்கியது. எட்டுக்கு ஏற்றியதிலிருந்து அந்தப் பெண்ணுக்கு அந்த மருந்தில் ஒரு சொட்டுகூடப் போகவில்லை. மூளைக்கு, சிறுநீரகத்துக்கு, என்னென்னவற்றுக்கு என்னென்ன ஆகியிருக்குமோ, ஏறிய எண் நிற்குமோ நிற்காதோ, யாருக்கும் தெரியாது. வேறு ஊர்களில், வேறு ஆஸ்பத்திரிகளில், வேறு மேட்ரன்களின் வார்டுகளில் இந்நேரம் எத்தனை பச்சை விளக்கு எரிகிறதோ. இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதுமே சொல்லமாட்டாள் என்று பூங்கொடிக்குத் தெரிந்தது. அவளை அவளுக்குத் தெரியும், ஒரு விரல் வேலை என்றால் அதைத்தான் செய்வாள்.

"அக்கா" என்றாள். "அந்தப் பம்ப்பு அப்படி நிக்கறதுக்குக் காரணமே நாந்தானுங்க. அதுக்குள்ள இருக்கறதை எழுதுனவ நான். தப்பா எழுதீட்டேனுங்க."

மயிலாத்தாள் அழுகையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். என்ன சொல்கிறாள் இவள் என்பது போலத்தான் பார்த்தார், இன்னும் எதுவும் புரிந்த மாதிரி இல்லை. கையை விடவும் இல்லை. பூங்கொடி அந்தப் பிடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.